வெற்றிடம் இறங்கவில்லையா? சுழல் ஆவியாக்கியின் கோளாறுகளை அறிகுறி கொண்டு கண்டறிதல்

கரிம வேதியியல் ஆய்வகத்தில் ஒரு நாளில் அதிகம் பேர் வரிசையில் நிற்கும் கருவி சுழல் ஆவியாக்கிதான். கரைசலிலிருந்து கரைப்பானை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் பிரித்தெடுப்பதே அதன் வேலை. ஆய்வகத்துப் பேச்சில் அது வெறும் 'ரோட்டா'. லைமன் கிரெய்க் 1950-இல் இதன் வடிவமைப்பை வெளியிட்டார். 1957-இல் சுவிட்சர்லாந்தின் பியூக்கி நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்று முதல் இன்று வரை அடிப்படை மாறவில்லை: ஒருபுறம் வெப்பம் (குடுவை சுழலும் வெந்நீர்த் தொட்டி), மறுபுறம் குளிர் (ஆவியை ஒடுக்கும் குளிர்விப்பான்), இரண்டுக்கும் இடையே வெற்றிடம். இந்த மூன்றில் எது தவறினாலும் வெளியே தெரியும் அறிகுறி பெரும்பாலும் ஒன்றே, கரைப்பான் வராது. அதனால்தான் எது பழுதானாலும் எல்லோரும் பம்ப்பின் மேல் பழி போடுகிறார்கள். பம்ப்பைக் கழற்றிப் பழுது பார்க்க அனுப்பி, இரண்டு வாரம் காத்திருந்து, திரும்பி வந்ததை மாட்டிப் பார்த்தால் அதே அறிகுறி அப்படியே இருக்கும். நான் பணிபுரிந்த ஓர் ஆய்வகத்தில் இப்படி நடந்தது. குற்றவாளி கடைசியில் ஒரு சிறிய டெஃப்ளான் வளையம்.

ஆகவே கீழே உள்ள வழிமுறை முழுவதிலும் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடித்திருக்கிறேன். எதையும் கழற்றும் முன், கருவியைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சோதித்து, பழுது எந்தத் துண்டில் என்பதை முதலில் உறுதி செய்ய வேண்டும்.

சோதனையைத் தொடங்கும் முன் கண்ணாடிப் பாகங்கள் அனைத்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நட்சத்திரம் போல் விரிந்த கீறல் உள்ள குடுவையை வெற்றிடத்தில் மாட்டக் கூடாது. அது உள்நோக்கி வெடிக்கும். தட்டையான அடிப்பாகம் உடைய கூம்புக் குடுவைக்கும் இதே தடை பொருந்தும். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இந்தக் கருவியின் அருகில் நிற்பதை நான் யாருக்கும் அனுமதிப்பதில்லை.

அறிகுறி: அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழ் இறங்க மறுக்கிறது

முதலில் பம்ப்பை மட்டும் தனியாகச் சோதியுங்கள். கருவிக்குச் செல்லும் குழாயைக் கழற்றி, பம்ப்பின் உள்வாயை அழுத்தமானியோடு மட்டும் இணைத்து ஓட விடுங்கள். இரண்டு நிலை டயஃப்ரம் பம்ப் (சவ்வின் அசைவால் காற்றை உறிஞ்சுவது) நல்ல நிலையில் இருந்தால் 10 மில்லிபாரை ஒட்டி இறங்கும். மூன்று நிலை பம்ப் 2 மில்லிபார் வரை செல்லும். தனியாக இருக்கும்போது இறங்குகிறது, கருவியோடு இணைத்ததும் இறங்கவில்லை என்றால் பம்ப் குற்றமற்றது. அதன்பின் ஒவ்வொரு பாகமாகச் சேர்த்துக்கொண்டே போங்கள்: முதலில் குழாயும் இடைக்குப்பியும், பிறகு குளிர்விப்பான், கடைசியாகச் சுழலும் தண்டும் குடுவையும். எந்தப் பாகத்தைச் சேர்த்ததும் அழுத்தம் உயர்கிறதோ, பழுது அங்கேதான்.

கண்ணாடியைக் கழற்ற விருப்பமில்லை எனில் உயர்வுச் சோதனை ஒன்று உண்டு. என் அனுபவத்தில் இதைவிட அதிகம் பேசும் சோதனை வேறில்லை. உலர்ந்த காலிக் குடுவையை மாட்டி, 50 மில்லிபார் அளவுக்கு இறக்கி, பம்ப்புக்கும் கருவிக்கும் இடையிலுள்ள அடைப்பானை மூடிவிட்டு, கையில் கடிகாரத்தோடு அழுத்தமானியைக் கவனியுங்கள். ஒரு நிமிடத்தில் இரண்டு மூன்று மில்லிபார் உயர்ந்தால் நான் கவலைப்படுவதில்லை. பத்துக்கு மேல் போனால் தேட வேண்டும். எவ்வளவு உயர்கிறது என்பதைக் காட்டிலும் எப்படி உயர்கிறது என்பதே முக்கியம். வெளிக்காற்று கசிந்து நுழைந்தால், அழுத்தம் குறைவாக இருக்கும்வரை நுழையும் வேகம் மாறாது. ஆகவே முதல் நிமிடம் எவ்வளவோ, ஐந்தாம் நிமிடமும் ஏறத்தாழ அவ்வளவே உயரும். கருவிக்குள் எங்கோ தேங்கிய கரைப்பான் ஆவியானால், அழுத்தம் தொடக்கத்தில் வேகமாக ஏறி, பிறகு தளர்ந்து, அந்தக் கரைப்பானின் ஆவியழுத்தத்தை நெருங்கியதும் நின்றுவிடும். சீராக ஏறினால் கசிவு, ஏறி நின்றால் கரைப்பான்.

இரண்டாவது வகைதான் அதிகம் ஏமாற்றுவது. சேகரிப்புக் குடுவையில் முந்தைய ஆள் விட்டுச் சென்ற எத்தில் அசிட்டேட் ஒரு விரற்கடை கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறையின் வெப்பம் 30 டிகிரி செல்சியஸ் என்றால் அதன் ஆவியழுத்தம் ஏறத்தாழ 160 மில்லிபார். அது முழுவதும் ஆவியாகிப் பம்ப்பின் வழியே வெளியேறும் வரை கருவி 160-ஐ ஒட்டியே நிற்கும். நீங்களோ நீரை எடுக்க 70 மில்லிபார் வேண்டுமென்று காத்திருப்பீர்கள். டைகுளோரோமீத்தேன் கிடந்தால் நிலைமை இன்னும் மோசம். 30 டிகிரியில் அது 700 மில்லிபாரை ஒட்டியது. சேகரிப்புக் குடுவையை ஒவ்வொரு முறையும் காலி செய்து துடைத்து மாட்டும் வழக்கம் வந்துவிட்டால், 'பம்ப் கெட்டுவிட்டது' என்ற புகார்களில் பெரும்பகுதி வராது.

கசிவுதான் என்று உறுதியானால் தேடும் வரிசை இது. முதலில் குளிர்விப்பானின் உச்சியில் உள்ள காற்றுக் குமிழை, அதாவது வெளிக்காற்றை உள்ளே விடும் திருகைப் பாருங்கள். அது முழுதாக மூடாமல் மயிரிழை திறந்திருப்பதே மிகச் சாதாரணமான காரணம். அடுத்து இணைப்புகளில் கிரீஸ் உலர்ந்து கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ரப்பர் குழாய்களை வளைத்துப் பாருங்கள். கரைப்பான் ஆவியில் ஊறிக் கடினமான ரப்பர், முனையில் மெல்லிய வெடிப்புகளைக் காட்டும். முனையை இரண்டு சென்டிமீட்டர் வெட்டி மீண்டும் செருகினாலே பல சமயம் சரியாகிவிடும். இவை எல்லாம் நன்றாக இருந்தால், சுழலும் தண்டைச் சுற்றியுள்ள டெஃப்ளான் அடைப்பு வளையத்தைச் சந்தேகியுங்கள். கருவியில் ஓயாமல் உராயும் பாகம் அதுதான். குடுவை சுழலும்போது கசிவு கூடி, நின்றதும் குறைந்தால் வளையம் தேய்ந்துவிட்டது என்று பொருள். வளையத்தைக் கழற்றினால் உதடு மழுங்கியோ வெண்ணிறத் தூள் படிந்தோ இருக்கும். கையேடு சொன்னாலன்றி அதில் கிரீஸ் தடவாதீர்கள். தூசியும் உப்பும் ஒட்டிக்கொண்டு அரம் போல் அறுக்கும். புதிய வளையம் தண்டோடு படிய சில மணி நேர ஓட்டம் தேவை, ஆகையால் மாற்றிய அன்றே கசிவு முழுதாக நிற்கவில்லையே என்று பதற வேண்டாம்.

சோப்புநீர் பூசிக் குமிழி தேடும் முறை இங்கே உதவாது. உள்ளே அழுத்தம் குறைவு. நீர் உள்ளே இழுக்கப்படுமே தவிர குமிழி வராது.

முள் அழுத்தமானி வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அது காட்டுவது வெளிக்காற்றுக்கும் உள்ளே இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே. கடல்மட்டத்தில் இருக்கும் சென்னையில் 'மைனஸ் 700 மில்லிமீட்டர் பாதரசம்' என்றால் உள்ளே 60 மில்லிமீட்டர் மிச்சம். ஊட்டியின் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே ஏறத்தாழ 580 மில்லிமீட்டர்தான். அங்கே எவ்வளவு நல்ல பம்ப் வைத்தாலும் முள் 700-ஐத் தொடாது. இது பழுதன்று. தனியழுத்தம், அதாவது உள்ளே உண்மையில் எஞ்சியிருக்கும் அழுத்தத்தைக் காட்டும் எண் அழுத்தமானியில் இந்தக் குழப்பம் எழுவதில்லை.

அறிகுறி: அழுத்தம் சரியாக இருக்கிறது, ஆனால் கரைப்பான் வரவில்லை

கரைப்பான் எந்த அழுத்தத்தில் கொதிக்க வேண்டும் என்பதை ஊகிக்காமல், எண்ணாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஆவியின் வெப்பம் 40 டிகிரியாக இருக்க வேண்டுமெனில், அசிட்டோனுக்கு 556 மில்லிபார், மெத்தனாலுக்கு 337, எத்தில் அசிட்டேட்டுக்கு 240, எத்தனாலுக்கு 175, டொலுயீனுக்கு 77, நீருக்கு 72, டைமெத்தில்ஃபார்மமைடுக்கு 11. இந்த ஏழு எண்களையும் எழுதிக் கருவியின் மேல் ஒட்டிவைத்தால் பாதிக் கேள்விகள் எழாது. இதனோடு சேர்த்து நினைவில் கொள்ள வேண்டியது இருபது டிகிரி விதி: தொட்டி 60, ஆவி 40, குளிர்நீர் 20. ஒவ்வொரு படிக்கும் இடையே இருபது டிகிரி இடைவெளி இருந்தால்தான் வெப்பம் தொட்டியிலிருந்து கரைப்பானுக்கும், ஆவியிலிருந்து குளிர்நீருக்கும் தேவையான வேகத்தில் பாயும்.

எண்கள் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், தொட்டியிலிருந்து குடுவையைச் சற்று உயர்த்தித் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் வெப்பம் போதவில்லை. நீரை ஆவியாக்கும்போது இது பெரும்பாலும் நேரும். ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2260 கிலோஜூல் வேண்டும், டைகுளோரோமீத்தேனுக்கு 330 கிலோஜூல் போதும். ஒரே தொட்டியில் ஒரே வேகத்தை இரண்டிடமும் எதிர்பார்ப்பது நியாயமாகாது. தொட்டியின் நீர்மட்டம் குடுவையில் உள்ள திரவத்தின் மட்டத்துக்கு வரும்படி நிரப்பி, சுழற்சியைக் கூட்டுங்கள். சுவரில் படரும் மெல்லிய படலத்திலிருந்துதான் ஆவியாதல் வேகமாக நடக்கிறது. அதன்பிறகும் மந்தமாக இருந்தால் தொட்டியில் தனி வெப்பமானி வைத்து, திரையில் காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள்.

அறிகுறி: குடுவை காலியாகிறது, சேகரிப்புக் குடுவை நிறையவில்லை

வைத்த கரைப்பான் எங்கோ போகிறது. பம்ப்பின் வெளிவாயில் மணக்கிறது. குளிர்விப்பான் தன் வேலையைச் செய்யவில்லை என்பதே இதன் பொருள். சுருள் குழாயில் துளிகள் உருவாகும் எல்லையைக் கவனியுங்கள். அது சுருளின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே நிற்க வேண்டும். அதற்கு மேல் ஏறினால் ஆவி தப்பிக்கிறது. அழுத்தத்தைச் சற்று உயர்த்துங்கள், அல்லது தொட்டியின் வெப்பத்தைக் குறையுங்கள். வேகம் வேண்டுமென்று அழுத்தத்தை மேலும் இறக்குவதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தவறு; இறக்க இறக்கக் கரைப்பான் இன்னும் குறைந்த வெப்பத்தில் கொதிக்கும், குளிர்நீருக்கும் ஆவிக்கும் உள்ள இடைவெளி சுருங்கும், ஆவி ஒடுங்காமல் நேரே பம்ப்புக்குப் போகும்.

நம் ஊர்க் கோடை இந்த இடத்தில்தான் கணக்கைக் குலைக்கிறது. மேல்தொட்டியில் வெயில் காய்ந்து 32 டிகிரியில் வரும் நீரைக் குளிர்விப்பானில் ஓடவிட்டால், இருபது டிகிரி விதிப்படி ஆவி 52, தொட்டி 72 டிகிரி இருக்க வேண்டும். வெப்பத்தில் சிதையும் சேர்மத்தை அப்படி வைக்க முடியாது. 10 டிகிரியில் ஓடும் சுழற்சிக் குளிரூட்டி இருந்தால் ஆவி 30, தொட்டி 50 போதும். குளிரூட்டிக்கு நிதி கேட்கும் விண்ணப்பத்தில் நான் இந்தக் கணக்கையே எழுதுவேன், ஏனெனில் இது வசதிக்காகக் கேட்பதன்று; நூறு லிட்டர் குழாய்நீரைச் சாக்கடைக்கு அனுப்பியும் கரைப்பானைப் பிடிக்க முடியாத நிலை அது. குளிரூட்டி இல்லாதவர்கள் வாளியில் பனிக்கட்டியும் நீரும் வைத்துச் சிறு நீரேற்றியால் சுழலவிடலாம். அரை நாள் வேலைக்கு நன்றாகவே ஈடுகொடுக்கும்.

நீர்த்தாரை உறிஞ்சியை (குழாய்நீரின் வேக ஓட்டத்தால் காற்றை இழுப்பது) பம்ப்பாக வைத்திருப்பவர்களுக்குக் கோடை இரட்டைத் தொல்லை. உறிஞ்சியால் தன் நீரின் ஆவியழுத்தத்துக்குக் கீழே இறக்க முடியாது. 20 டிகிரி நீருக்கு அந்த எல்லை 23 மில்லிபார், 32 டிகிரிக்கு ஏறத்தாழ 48. ஜனவரியில் வந்த கரைப்பான் மே மாதத்தில் வராததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

குளிர்நீர் போதுமான குளிர்ச்சியோடு இருந்தும் ஒடுங்கவில்லை எனில் சுருளின் உட்புறம் உப்புப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் ஓடும் ஆய்வகங்களில் இரண்டு மூன்று ஆண்டுகளில் வெண்படலம் கட்டிவிடும். நீர்த்த சிட்ரிக் அமிலத்தை ஓர் இரவு நிரப்பிவைத்துக் கழுவினால் கரையும்.

அறிகுறி: கலவை பொங்கித் தாவுகிறது, அல்லது நுரைத்து ஏறுகிறது

இவை இரண்டும் வேறு வேறு நோய்கள். தாவுவது திடீர்க் கொதிப்பு. நுரைப்பது கலவையின் இயல்பு.

தாவலுக்கு மருந்து வரிசைமுறை. குடுவையில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். முதலில் சுழற்றுங்கள், பிறகு வெற்றிடம் கொடுங்கள், கரைந்த காற்று குமிழிட்டு அடங்கியபின் தொட்டியில் இறக்குங்கள். அழுத்தத்தை ஒரே மூச்சில் இறக்காமல் எண் பார்த்துப் படிப்படியாக இறக்குங்கள். வலக்கை எப்போதும் காற்றுக் குமிழின் மேல் இருக்கட்டும். கொதிப்பு எழும் கணத்தில் சிறிது காற்றை விட்டால் அடங்கும். இரண்டு கரைப்பான்கள் கலந்திருந்தால் எளிதில் ஆவியாவது தீர்ந்த பின்பே அழுத்தத்தை அடுத்த படிக்குக் கொண்டுபோங்கள். இவ்வளவுக்குப் பிறகும், தாவும் கலவையைத் தாங்கிக்கொள்ளும் தாவல் பிடிப்பான் ஒன்றைக் குடுவைக்கும் தண்டுக்கும் இடையில் மாட்டுவது நல்லது. அதைச் சுத்தமாகக் கழுவி மாட்டுங்கள். தாவியது உங்கள் சேர்மமாக இருந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், முந்தையவரின் சேர்மம் அதில் இருந்தால் இரண்டும் போயிற்று.

நுரை மூலிகைச் சாறுகளோடு வேலை செய்பவர்களின் தனித் துயரம். பூந்திக்கொட்டை, சீயக்காய் போன்றவற்றின் நீர்ச்சாற்றில் சபோனின்கள் உண்டு. அவை சோப்பைப் போலவே நடந்துகொள்ளும். வெற்றிடத்தைக் குறைப்பதால் மட்டும் இது தீராது. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாக நிரப்பிய பெரிய குடுவையை எடுங்கள். அல்லது உள்ளிழுப்புக் குழாய் வழியே சாற்றைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, வந்தது உடனே வற்றும்படி பாருங்கள். சிறிதளவு நார்மல் பியூட்டனால் சேர்த்தால் நுரை உடையும். அது நீரோடு சேர்ந்தே ஆவியாகிப் போய்விடுவதால் பொருளில் தங்குவதில்லை. சிலிக்கோன் நுரையடக்கிகளை நான் தவிர்க்கிறேன், காரணம் அடுத்துவரும் அறிகுறியில் தெரியும்.

அறிகுறி: எடை குறையவில்லை, அல்லது என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) நிறமாலையில் அந்நியச் சிகரங்கள்

பிசின் போன்ற பொருள் கரைப்பானைத் தனக்குள் பூட்டிவைத்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் சுழற்றினாலும் மேற்பரப்பு மட்டுமே உலரும். டியூட்டரோகுளோரோஃபார்மில் எடுத்த புரோட்டான் நிறமாலையில் 2.05, 4.12, 1.26 பி.பி.எம். ஆகிய இடங்களில் சிகரங்கள் தெரிந்தால் எத்தில் அசிட்டேட் தங்கியிருக்கிறது. டைகுளோரோமீத்தேனில் இரண்டு மூன்று முறை கரைத்து மீண்டும் ஆவியாக்குங்கள், அது எத்தில் அசிட்டேட்டைக் கூட்டிச் செல்லும். 5.30-இல் தெரிவது டைகுளோரோமீத்தேனே. அதை உயர்வெற்றிடப் பம்ப் எளிதில் நீக்கும். நீர் தங்கினால் டொலுயீன் சேர்த்து ஆவியாக்குங்கள், இரண்டும் கொதிநிலை மாறாக் கலவையாகச் சேர்ந்து வெளியேறும். அசிட்டிக் அமிலத்துக்கும் இதே உத்தி பயன்படும்.

1.26-இல் மட்டும் அகன்ற சிகரம், கூடவே 0.86-இல் ஒன்று என்றால் அது எத்தில் அசிட்டேட் அன்று, ஹைட்ரோகார்பன் கிரீஸ். 2.05-உம் 4.12-உம் இல்லாததே சாட்சி. 0.07-ஐ ஒட்டி ஒற்றைக் கூர்முனை நின்றால் சிலிக்கோன் கிரீஸ். இணைப்பில் கிரீஸைக் கழுத்து வரை அப்பினால் ஒடுங்கித் திரும்பும் கரைப்பான் அதைக் கழுவிக் குடுவைக்கே கொண்டுவரும். மேல் மூன்றில் ஒரு பங்கில் மெல்லிய வளையமாகத் தடவுங்கள், அல்லது டெஃப்ளான் உறையைப் பயன்படுத்துங்கள். 7.5-க்கும் 7.7-க்கும் இடையே இரண்டு தொகுதிகளும் 4.2-இல் ஒன்றும் தோன்றினால், எங்கோ பிளாஸ்டிக் குழாயிலிருந்து, அதை நெகிழ்விக்கச் சேர்க்கும் தாலேட் கரைந்து வருகிறது.

முழுதாக உலர்த்தவே கூடாத சந்தர்ப்பங்களும் உண்டு. டைஎத்தில் ஈதர், டெட்ராஹைட்ரோஃபியூரான், டைஆக்சேன் ஆகியவற்றில் நாள்பட்டால் வெடிக்கக்கூடிய பெராக்சைடு சேரும். சோதனைத் தாளில் பார்க்காமல் இவற்றை வற்றும் வரை ஆவியாக்காதீர்கள். சோடியம் அசைடு எஞ்சியிருக்கும் வினைக்கலவையை டைகுளோரோமீத்தேனால் பிரித்தெடுத்து இந்தக் கருவிக்குக் கொண்டுவரவே வேண்டாம். அவை இரண்டும் சேர்ந்து வெடிக்கும் தன்மையுள்ள டைஅசைடோமீத்தேனைத் தரும்.

அறிகுறி: குடுவை கழலவில்லை

முறுக்காதீர்கள். தண்டில் கழற்றும் திருகு இருந்தால் அதைத் திருப்புங்கள். இல்லையேல் இணைப்பின் வெளிப்புறத்தை மட்டும் வெந்நீர்த் துணியால் சூடாக்கி மெதுவாக அசையுங்கள்.

அறிகுறி: பம்ப் உறுமுகிறது, நாளுக்கு நாள் வலுவிழக்கிறது

பம்ப்பின் தலையில் கரைப்பான் ஒடுங்கித் தேங்கினால் வால்வுத் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்ததும் பம்ப்பை உடனே நிறுத்தாமல், உள்வாயைத் திறந்துவைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் வெறும் காற்றை ஓடவிடுங்கள். தேங்கியது வெளியேறும், பெரும்பாலும் உறுமலும் நிற்கும். நிற்கவில்லை எனில் வால்வுகளையும் டயஃப்ரத்தையும் மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஹைட்ரோகுளோரிக் அமிலம், தயோனில் குளோரைடு, ட்ரைஃபுளோரோஅசெட்டிக் அமிலம் போன்றவற்றை ஆவியாக்குவோர் பம்ப்புக்கு முன் உலர்பனிப் பொறி (உலர்பனியால் குளிர்வித்து ஆவியைப் பிடிக்கும் குப்பி) வைக்க வேண்டும். பம்ப்பின் வெளிவாய் எப்போதும் புகைபோக்கி அறைக்குள் முடியட்டும்.

அறிகுறி: வேலையின் நடுவே மின்சாரம் நின்றுவிட்டது

சுழற்சி நின்றாலும் வெற்றிடம் சற்று நேரம் இருக்கும், தொட்டியும் சூடாகவே இருக்கும். அசையாத திரவம் தாவுவதற்கு இதைவிட ஏற்ற நிலை இல்லை. உடனே குடுவையைக் கையால் உயர்த்தித் தொட்டியிலிருந்து எடுங்கள், பிறகு காற்றுக் குமிழை மெதுவாகத் திறவுங்கள். நீர்த்தாரை உறிஞ்சி எனில் நீரின் அழுத்தம் குறைந்ததும் நீர் பின்னோக்கி ஏறிச் சேகரிப்புக் குடுவைக்கே வந்துவிடக்கூடும். இடையே ஒரு காலிக்குப்பி இருந்தால் அங்கேயே நின்றுவிடும். மின்சாரம் திரும்பியதும் சில கருவிகள் முன்பு விட்ட இடத்திலிருந்தே தாமாகத் தொடங்கும். எனவே மின்தடையின்போதே சுழற்சி, வெப்பம், பம்ப் மூன்றின் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு, மின்சாரம் வந்தபின் முதல் படியிலிருந்து, அதாவது சுழற்சியிலிருந்து, மறுபடி தொடங்குங்கள்.